லோகநாயகி வீட்டுக்கு மேலே

"நில்லு நைனா. ட்ரோன் வுடற புள்ள நீதானே?"

பரணிதரன் பைக்கை நிறுத்தினான். நடுத்தெருவில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையோடு ஒரு பெண்மணி நின்றால் சாவடிக்குப்பத்தில் அரசு பஸ்ஸே நின்றுவிடும். இவன் பைக் எம்மாத்திரம்.

"ஆமாக்கா. நான்தான்."

"என் பேரு லோகநாயகி. தோ, மாடி வச்ச வூடு கீதே, அது என்னுதுதான். காலையில குளிச்சிட்டு மாடியில தலை தொவட்டிகினு நிக்கறேன், வந்து நேரா மேல நின்னுகினு கீது. ஒத்தக் கண்ணு வச்சிகினு என்னையே பாக்குது. இன்னா நெனச்சிகினு..."

"மன்னிச்சுடுங்கக்கா!"

"இருப்பா, நான் இன்னா சொல்ல வரேன்னா..."

"தப்புதான்க்கா. முழுக்க முழுக்க எங்க தப்பு. பொம்பளைங்க இருக்கற இடம்னு யோசிச்சிருக்கணும். இனிமே நடக்காது."

மன்னிப்புக் கேட்பதில் பரணிதரனை முந்த ஆள் கிடையாது. பஸ்ஸில் யாராவது அவன் காலை மிதித்தால், சாரி சொல்வது அவனாகத்தான் இருக்கும். பந்தியில் சாம்பார் அவன் வேட்டியில் ஊற்றப்பட்டால், பரிமாறியவரைப் பார்த்து "பரவாயில்ல, நான்தான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கணும்" என்பான். குற்றச்சாட்டு முழுதாக வந்து சேர்வதற்குள் தண்டனையை ஏற்றுக்கொண்டு நிற்பது சின்ன வயதிலிருந்தே பழக்கம். அச்சரப்பாக்கத்தில் அவன் படித்த பள்ளியில் அவன் அப்பாவே கணக்கு வாத்தியார் என்பது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

"உங்க வீட்டைப் படத்துலேர்ந்து எடுத்துடறேன்க்கா," என்றான்.

"என் வூட்டை எதுக்குப்பா எடுக்கற?"

"மறைச்சுடறேன். யாருக்கும் தெரியாது. சத்தியமா."

லோகநாயகி அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறப்பதற்குள் பைக் திருப்பத்தைத் தாண்டிவிட்டது. அவன் அவசரப்பட்டது சும்மா இல்லை. வெள்ளிக்கிழமை செங்கல்பட்டில் விசாரணை. அதற்குள் ஆட்சேபம் என்று ஒன்று வந்தால் எல்லாம் போயிற்று.

எல்லாம் என்றால், ஊருக்குத் தெற்கே கடலோரமாக இருக்கும் மணல். சாவடிக்குப்பத்துக்காரர்கள் படகை இழுத்து வைப்பதும், வலையைக் காயப் போடுவதும், கருவாடு பரப்புவதும் அங்கேதான். அந்த மணல் முடிகிற இடத்தில் ஒரு ரிசார்ட்டின் மதில். அரசாங்கம் கடற்கரைக்குப் புதிதாக வரைபடம் போட்டபோது, அளக்க வந்தவர்கள் சரியாகப் புயல் எச்சரிக்கை நாளில் வந்து நின்றார்கள். படகு, வலை எல்லாம் மேட்டுக்கு ஏற்றியிருந்தது. 'காலி மணல்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். காலி என்று எழுதியதும் ரிசார்ட்காரர்களுக்கு அந்த மணல் மேல் பாசம் பொங்கிவிட்டது. மதிலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ள அனுமதி கேட்டு மனுப் போட்டுவிட்டார்கள்.

ஊர்க்காரர்கள் செல்போனில் எடுத்துக் கொடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "இது எந்தக் கரைன்னு யாருக்குத் தெரியும்? மேலேர்ந்து எடுத்த படம், ஜி.பி.எஸ். இடக்குறியோட குடுங்க" என்று அரசு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் பரணிதரன் வேலை பார்க்கும் சின்ன அறக்கட்டளை உள்ளே வந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையம் பக்கம் என்பதால் ட்ரோன் பறக்கவிட அனுமதி வாங்குவதற்குள் அவன் செருப்பு தேய்ந்தது. கிடைத்ததும் ஒரே ஒரு நாளைக்கு. ஊர் கூடி, தலைவர் கங்காதரன் தலைமையில் சம்மதம் சொல்லி, போன சனிக்கிழமை நல்ல வெயில் ஏறிய பிறகு பறக்கவிட்டு இறக்கினான். படகு, வலை, கருவாடு, ஓரமாகப் படுத்திருந்த நாய் உட்பட எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. அன்றைக்கு அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான். அந்த வாரத்தில் அவன் நிம்மதியாகச் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அதுதான்.

அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்ததும் ஜெஸ்ஸியிடம் சொன்னான். ஜெஸ்ஸிதான் அறக்கட்டளையின் இயக்குநர். பெங்களூரில் ட்ரோன் நெறிமுறைகள் பற்றிய பயிலரங்குக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து, மேலே எது பறந்தாலும், காக்காயாக இருந்தாலும், அது யாரிடம் அனுமதி வாங்கியது என்று யோசிக்கிறவர். கொண்டுவந்த விதிகளைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டியிருந்தார்.

"ஆட்சேபமா? யாரு?"

"லோகநாயகின்னு ஒரு அக்கா. மீன் விக்கறாங்க. மாடியில தலை துவட்டும்போது மேல நின்னுச்சாம் மேடம்."

ஜெஸ்ஸி கண்ணை மூடிக்கொண்டார். "எவ்வளவு பெரிய அத்துமீறல் தெரியுமா பரணி?"

"தெரியும் மேடம். சாரி மேடம்."

"ஊர் சம்மதம் குடுத்துட்டா ஒரு பெண்ணோட சம்மதம் கிடைச்ச மாதிரி ஆகிடுமா? அந்த வீட்டை ப்ளர் பண்ணு. ஒரிஜினலை அழிச்சிடு."

"ஒரிஜினலையுமா?"

"ஆட்சேபிச்சவங்க படம் நம்மகிட்ட ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது."

"அவங்க சரியா என்ன சொல்றாங்கன்னு ஒருதரம் போய்க் கேட்டுட்டு வந்துடட்டுமா மேடம்?"

"கேக்கவே கூடாது!" ஜெஸ்ஸி சுவரைக் காட்டினார். "காரணம் கேட்டாலே அது வற்புறுத்தல். வேணாம்னா வேணாம். அவ்வளவுதான்."

பரணிதரன் உட்கார்ந்து லோகநாயகியின் வீட்டின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டத்தைப் பரப்பினான். ஒரிஜினலை அழித்தான். அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் இரண்டாம் முறை கேட்டபோது அதனிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

பிரச்சினை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சுவரில் இன்னொரு விதியும் இருந்தது. எடுத்த படத்தை எடுக்கப்பட்டவர்களுக்குக் காட்ட வேண்டும். எனவே மறுநாள் பெரிய அளவில் அச்சடித்து, குப்பத்தில் வலை பின்னும் கொட்டகையில் ஒட்டினான்.

ஊரே கூடிவிட்டது. தங்கள் வீட்டை மேலேயிருந்து பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்காது? "தோ என் வூடு", "தோ என் மாடு" என்று விரல்கள் மேய்ந்தன. மேய்ந்த விரல்கள் எல்லாம் ஒரு இடத்தில் வந்து நின்றன.

"இன்னா அண்ணாத்த, லோகநாயகி வூட்டு மேல மட்டும் பொகை?" என்று கேட்டான் சீனு. லோகநாயகிக்கு வலது பக்கத்து வீட்டுக்காரன், சொந்தமாகப் படகு வைத்திருப்பவன்.

"அது வந்து... அவங்க தனிப்பட்ட விஷயம்."

இதைவிட மோசமான பதில் ஒன்றைத் தமிழில் தேடினாலும் கிடைத்திருக்காது.

"தனிப்பட்ட விசயமா?" என்றாள் இடது பக்கத்து வீட்டுச் சாந்தா. "அப்டி இன்னா வச்சிகினு கீறா மாடியில?"

"அக்கா, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல..."

"ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குப் பொகை?"

முழுக் காரணம் அவனுக்கே தெரியாது, கேட்கவும் கூடாது. மத்தியானத்துக்குள் லோகநாயகி வீட்டு மாடியில் கடலில் ஒதுங்கிய பார்சல் இருப்பதாகப் பேச்சுக் கிளம்பியது. சாயங்காலத்துக்குள் அது தங்கமாக மாறியது. கரையோரம் ரோந்து வரும் போலீஸ்காரர் ஒருவர், வஞ்சிரம் விலை கேட்கிற மாதிரி வந்து, மாடிக்குப் போகிற படிக்கட்டை வெகு நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் பரணிதரன் கொட்டகைக்கு வந்தபோது லோகநாயகி அங்கே காத்திருந்தாள்.

"இன்னா நைனா பண்ணி வச்சிகீற? நான் சொல்ல வந்தது இன்னா, நீ செஞ்சது இன்னா? போலீசு வந்து என் வூட்டுப் படியை எண்ணிகினு போறான்!"

"மன்னிச்சுடுங்கக்கா! உங்க வீடு தனியாத் தெரியுது, அதான் பிரச்சினை. இன்னிக்கே சரி பண்ணிடறேன்."

"நீ ஒண்ணும் சரி பண்ண வேணாம். மொதல்ல நான் சொல்றத முழுசா காதுல வாங்கு. தெனம்..."

"தினம் எவ்வளவு கஷ்டப்படறீங்கன்னு புரியுதுக்கா. என்னாலதான். சாயங்காலத்துக்குள்ள பேச்சே இருக்காது பாருங்க."

லோகநாயகி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சாந்தாவைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் புள்ள சாப்பாடு சாப்டறதா இல்லியா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ஒரு வீடு மட்டும் மங்கலாக இருந்தால்தானே சந்தேகம்? பக்கத்து வீடுகள் இரண்டையும் சேர்த்து மறைத்துவிட்டால்? போனில் கேட்டதும் ஜெஸ்ஸிக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. பாதிக்கப்பட்டவரை அடையாளம் தெரியாமல் காப்பது உயர்ந்த பண்பு என்றார். பழைய படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, மூன்று வீடுகள் மூட்டத்தில் இருக்கும் புதுப் படத்தை ஒட்டினான். அதன் பழைய பிரதியையும் விதிப்படி அழித்தான்.

சீனு வந்து பார்த்தான். தேடினான். மறுபடி தேடினான்.

"என் வூட்டைக் காணோமே!"

"சும்மா ஒரு பாதுகாப்புக்காக அண்ணே."

"இன்னா பாதுகாப்பு? இப்பதான் டைல்ஸ் போட்டு எடுத்துக் கட்டிகீறேன். மேலேர்ந்து பாத்தா எப்டி கீதுன்னு பொண்டாட்டிக்குக் காட்டலாம்னு கூட்டிகினு வந்தா வூடே இல்ல! இடிக்கப் போறாங்களா?"

"ஐயையோ, இடிக்கவெல்லாம் மாட்டாங்க!"

"அப்போ எதுக்குக் குறிச்சி வச்சிகீற?"

சாந்தா யோசனையோடு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு மேலும் இப்போது மூட்டம். ஆனால் சாந்தா அவ்வளவு சீக்கிரம் கலங்குகிற ஆள் இல்லை. மகளிர் குழுவில் பல அரசுத் திட்டங்களைப் பார்த்தவள்.

"யோவ் சீனு, கத்தாத," என்றாள் மெதுவாக. "ஒரு வூடுன்னா திருட்டு விசயம். மூணு வூடுன்னா கவுருமெண்ட்டு விசயம். குறிச்ச வூட்டுக்கெல்லாம் புது வூடு கட்டித் தரப்போறான்."

"இல்லக்கா! சத்தியமா இல்ல! அப்படி ஒரு திட்டமே கிடையாது!" என்று பரணிதரன் அலறினான்.

அவன் அலறிய அலறலிலேயே ஊருக்கு உறுதியாகிவிட்டது. இல்லாத ஒன்றுக்கு ஒருத்தன் இவ்வளவு வேர்ப்பானா?

அன்று மத்தியானம் அவன் கொட்டகையை விட்டு நகர முடியவில்லை. "எங்க வூட்டுக்கும் ஒரு பொகை போடு நைனா." "என் தம்பி வூட்டையும் சேத்துக்கோ, அவன் கடலுக்குப் போய்கீறான்." "எங்க வூட்டுக்காரருக்குத் தெரியாம எனக்குத் தனியா ஒரு பொகை கெடைக்குமா?" ஒருத்தர் கறிவேப்பிலைச் செடியோடு சேர்த்து மறைக்கச் சொன்னார். விளக்கம் சொல்லிச் சொல்லி அவன் தொண்டை கட்டிவிட்டது. அவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுவிட்டு, "சரி, புரியுது, வெளிய சொல்லக் கூடாது, அதானே" என்று கண்ணடித்தார்கள்.

ஜெஸ்ஸியைக் கூப்பிட்டான்.

"மேடம், நிறைய பேர் தங்களை மறைக்கச் சொல்றாங்க."

"எத்தனை பேர்?"

"கேக்காதவங்களை எண்ணுறது சுலபம் மேடம்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. அது கவலைப் பெருமூச்சு இல்லை, பெருமிதம். "பார்த்தியா பரணி, ஒரு பெண் வாயைத் திறந்ததும் ஊரே தன் உரிமையை உணர்ந்திருக்கு."

"மேடம், அவங்க புது வீடு வரும்னு நினைச்சிக்கிட்டு..."

"காரணம் நமக்கு வேண்டாம்."

"எல்லாத்தையும் மறைச்சிட்டா வெள்ளிக்கிழமை எதைக் காட்டறது?"

ஜெஸ்ஸி, "கேட்டா மறுக்கக் கூடாது. அதுதான் விதி. மணலைக் காட்டலாம், படகுங்களைக் காட்டலாம். அதுங்க ஆட்சேபிக்காது இல்லையா?" என்றார். குரலில் முதன்முறையாக ஒரு நடுக்கம் இருந்தது.

படகுகள் ஆட்சேபிக்கவில்லை. படகுக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். வீட்டுக்குப் புகை போட்டால் வீடு என்றால், படகுக்குப் போட்டால் எஞ்சின் என்று சீனு கண்டுபிடித்துவிட்டான். அவன் எஞ்சின் வேறு இருமிக்கொண்டிருந்தது. படகுக்குப் பின்னால் வலை வந்தது. வலைக்குப் பின்னால் கருவாடு பரப்பும் இடம். பரணிதரன் ஒவ்வொன்றாக மறைத்தான், ஒவ்வொன்றாகப் பழைய பிரதியை அழித்தான். விரல் பாட்டுக்கு வேலை செய்தது.

வியாழக்கிழமை ஊர்த் தலைவர் கங்காதரனே வந்தார். படத்தை உற்றுப் பார்த்தார். கெங்கையம்மன் கோயில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"ஊருக்கே புது வூடு. அம்மா மட்டும் பழைய கூரைக்கு அடியிலயே இருக்கணுமா?"

"தலைவரே, நீங்களாவது புரிஞ்சுக்கணும். நாளைக்கு விசாரணை. இதைத்தான் அங்க காட்டப் போறோம்."

"காட்டு. அதனால இன்னா?"

"இதுல ஒண்ணுமே தெரியலையே."

கங்காதரன் சிரித்தார். "நம்ம கண்ணுக்குத்தானே பொகை? ஆபீசருங்க மெசின்ல உள்ள இருக்கறது தெரியும்ல?"

தெரியாது என்று பரணிதரன் சொல்ல வேண்டும். இப்போதே சொல்ல வேண்டும். ஒரு ஊரின் மணலை, அவர்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து படகு ஏற்றிய மணலை, தன் கையாலேயே துடைத்து எடுத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறந்தான்.

"சாரி தலைவரே," என்றான்.

"சாரி எதுக்குப்பா? கோயிலுக்கும் போட்டுடு, அவ்ளோதான்." கங்காதரன் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கோயிலுக்கும் போட்டான்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. லோகநாயகி.

"நைனா, இன்னிக்கும் அதே கதைதான். எவ்ளோ தபா சொல்றது உனக்கு?"

ஊர் வாய் இன்னும் அடங்கவில்லை போலிருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. "அக்கா, மன்னிச்சுடுங்க. நாளைக்கு விசாரணை முடிஞ்சதும் நேரா வந்து உங்க கால்லயே விழறேன்."

"கால்ல வுழ நான் இன்னா சாமியா? உன்னாண்ட பேசி ஒண்ணும் ஆவாது. நாளிக்கு நானே செங்கல்பட்டு வரேன். ஆபீசரம்மா மூஞ்சுக்கு நேரா சொல்லிடறேன்."

"அக்கா, வேணாம்க்கா! ப்ளீஸ்!"

போன் வைக்கப்பட்டுவிட்டது. பரணிதரன் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே, கையில் ஆறிப்போன டீயோடு நின்று கணக்குப் போட்டான். படமும் இல்லை. பெண்ணின் வீட்டு மேல் ட்ரோன் விட்டதாகப் புகார் வேறு. அறக்கட்டளையை மூடுவார்கள். ட்ரோனைப் பிடுங்குவார்கள். அவனை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. அதைவிட, கங்காதரன் தோளைத் தட்டியது இன்னும் சூடாக இருந்தது. அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்ட அரங்கு நிறைந்திருந்தது. குப்பத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள், புது வீட்டுக்குக் கையெழுத்துப் போடும் உற்சாகத்தோடு. மூன்றாவது வரிசையில் லோகநாயகி, பட்டுப் போன்ற ஒரு புடவையில், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ப்பக்கம் ரிசார்ட்டின் மேலாளர் ஹேமந்த், கோட்டு, வக்கீல், வழவழப்பான ஃபைல் சகிதம். பரணிதரனுக்குப் பக்கத்தில் ஜெஸ்ஸி, சிலையாக.

அதிகாரி வசுமதி மேடையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "கிராமத் தரப்புப் படத்தைப் போடுங்க."

திரை முழுக்கச் சாம்பல் நிறம். ஒரு ஓரத்தில் கடல். இன்னொரு ஓரத்தில் பளிச்சென்று ரிசார்ட் மதில். அது மட்டும் யாரும் மறைக்கச் சொல்லாமல் தெளிவாக இருந்தது.

வசுமதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டார். "இது மேகமா?"

"இல்ல மேடம்," என்றான் பரணிதரன். எழுந்து நின்றிருந்தான். எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது. "ஊர் மேடம்."

"எங்கே?"

"உள்ள மேடம். சாரி மேடம். கேட்டவங்களையெல்லாம் மறைச்சோம். எல்லாரும் கேட்டுட்டாங்க."

குப்பத்து வரிசைகளில் சலசலப்பு. "ஆபீசரம்மாவுக்கே தெரியலியா?" என்று சீனு உரக்கக் கேட்டான். கங்காதரன் மெதுவாகத் திரும்பிப் பரணிதரனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பான். புரியாத ஒரு தவிப்புதான் இருந்தது.

"ஒரிஜினல் இருக்கா?" என்றார் வசுமதி.

"அழிச்சுட்டோம் மேடம்," என்றார் ஜெஸ்ஸி, சன்னமாக. "நெறிமுறைப்படி."

"பாருங்க, நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவ. அந்த மணல்ல படகும் வலையும் இருக்குன்னு மேலேர்ந்து எடுத்த ஒரே ஒரு தெளிவான படம், யார் எடுத்ததா இருந்தாலும் சரி, இருந்தாப் போதும். காலி மணல்ங்கற குறிப்பை இப்பவே அடிச்சுடுவேன். இல்லைன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

ஹேமந்த் எழுந்து கோட்டை நீவிவிட்டுக்கொண்டார்.

"மேடம், கிராமத் தரப்பு வரைபடத்துலயே கிராமம் இல்ல. இதுக்கு மேல நாங்க என்ன சொல்றது? ஆனா ஒண்ணு சொல்லியாகணும். இவங்க ஏன் மறைச்சாங்க தெரியுமா? பெண்கள் குளிச்சிட்டு நிக்கற மாடி மேல ட்ரோன் விட்டிருக்காங்க. ஊரே சிரிக்குது. எங்க நிறுவனம் ஒருநாளும் அப்படிச் செஞ்சதில்ல. ட்ரோன்னு ஒண்ணை நாங்க தொட்டதுகூட இல்ல. பாதிக்கப்பட்ட அம்மாவே இங்க வந்திருக்காங்க. நீங்களே கேட்டுப் பாருங்க."

பரணிதரன் லோகநாயகி பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

வசுமதி மூன்றாவது வரிசையைப் பார்த்தார். "நீங்களாம்மா? எழுந்து வாங்க. உங்க வீட்டு மேல ட்ரோன் பறந்துதா?"

"பறந்துதும்மா," என்று லோகநாயகி எழுந்தாள். "தலை தொவட்டவும் வுடாம..."

"மன்னிச்சுடுங்க!" பரணிதரன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன்னால் ஓடினான். "எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. அக்காவை ஒண்ணும் கேக்காதீங்க மேடம். என்ன தண்டனைன்னாலும் எனக்குக் குடுங்க. ஊரை விட்டுடுங்க!"

"மிஸ்டர், உட்காருங்க," என்றார் வசுமதி.

"மேடம், நான் ஒத்துக்கறேன்..."

"உட்காருங்கன்னேன். அந்தம்மா பேசி முடிக்கற வரைக்கும் நீங்க வாயைத் திறந்தா வெளிய அனுப்பிடுவேன்."

ஜெஸ்ஸி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். ஹேமந்த் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். லோகநாயகி ஒருமுறை பரணிதரனைத் திரும்பிப் பார்த்தாள். இப்போதும் குறுக்கே வருவானோ என்று. அவன் வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

"இந்தப் புள்ள வுட்டத நான் கண்ணாலயே பாக்கலம்மா, அன்னிக்கி நான் திருக்கழுக்குன்றத்துல மீன் வித்துகினு இருந்தேன்," என்றாள் லோகநாயகி. "தெனம் காலையில தோ இந்தக் கோட்டு போட்ட சாரு ரிசார்ட்டு மாடியிலேர்ந்து ஒண்ணு கெளம்பி வந்து, எங்க வூடு, படகு, வலை, கருவாடு ஒண்ணு வுடாம மேல நின்னு நின்னு படம் புடிச்சிகினு போவுதே, அதை நிறுத்த யாராண்ட மனு குடுக்கறதுன்னு கேக்கத்தான் இவனாண்ட வந்தேன்."